மின்சிக்கனம் யார் பொருட்டு?

இற்றைநாளிற் பங்குச் சந்தைகளில் ஓயாது நிகழ்ந்துவரும் விவாதங்களுள் ஒன்று கையடக்கத் தொலைபேசியின் மின்வலுவைப் பற்றியது. தொலைபேசியின் மூளையாக அமைந்த நுண்சில்லைக் குறைந்த மின்னில் அதிக வேலை செய்யுமாறு ஆக்குதலே எதிர்காலத்துக்குரிய வழி என்பர் ஒரு சாரார். ஆகவே சில்லை வடிவமைக்கும் கம்பனிகளிலும் அதனை உருவாக்கும் ஆலைகளிலும் பணத்தை இடுக என்பது அவர்தம் துணிபு. மின்கலத்தை உறிஞ்சுவது சில்லன்று, திரையே என்பர் மறுசாரார். புதிய திரைத் தொழினுட்பத்தை முதலிற் கைப்பற்றும் கம்பனியே நாளை வெல்லும் என்பது அவர்தம் கணிப்பு. இரு சாராரும் வாற்றுக் கணக்கைப் பேசுகின்றனர். மின்கலம் எத்தனை மணிநேரம் நிற்கும் என்றும் பேசுகின்றனர். ஆயினும் அம்மணிநேரங்கள் யாருடையவை என்ற வினாவை இரு சாராருமே எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலீட்டாளரின் சச்சரவில் கலைப்பீட மாணவனுக்கு என்ன அலுவல் என்று கேட்போர் உளர். அவர்கள் அண்மைக் காலத்தை மறந்தவராவர். 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, விரிவுரை மண்டபம் முழுவதும் ஆறங்குலத் திரைக்குள் அடங்கிற்று. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிற் பிள்ளைகள் பலர் ஒரே தொலைபேசியை முறைவைத்துப் பயன்படுத்திய காட்சியும், ஊவாவின் மலைக் கிராமங்களிற் சமிக்ஞை தேடி மாணவர் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறிய காட்சியும் அக்காலத்துக்குரியன. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்க டொலரொன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு உயர்ந்தது. புதிய தொலைபேசி வாங்க எண்ணியிருந்த குடும்பங்கள் தேய்ந்த மின்கலத்துடன் பழையதையே சுமக்க நேர்ந்தது. கொட்டாஞ்சேனையின் வாடகை அறையொன்றில், எஞ்சியிருந்த பத்து வீத மின்னைக் கொண்டு விரிவுரைக் குறிப்பை வாசித்து முடித்துவிட முயன்ற மாணவிக்கு மின்சிக்கனம் பரீட்சையோடு பிணைந்த காரியம். அவளுக்கு இவ்விவாதத்தில் இடமில்லை என்று எவர் கூறமுடியும்?

விவாதத்தை எடைபோடுமுன் அதன் பௌதிக அடிப்படையை நோக்குதல் வேண்டும். சில்லிலுள்ள திரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் திறந்து மூடும் ஒரு வாயில் போன்றது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின் செலவாகின்றது. இவ்வாறு செலவாகும் வலு, கொள்ளளவத்துக்கும் மீடிறனுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் விகிதசமமானது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு நான்கிலொன்றாகும் என்பது இதன் பொருள். 1974இல் ஐ.பி.எம். கம்பனியைச் சேர்ந்த றொபேர்ட் டெனாட் என்பாரும் அவர்தம் கூட்டாளரும், திரான்சிஸ்டரைச் சிறிதாக்குந்தோறும் அழுத்தத்தையும் உடன்குறைக்கலாம் எனவும், ஆகவே ஒரே பரப்பிற் கூடுதலான திரான்சிஸ்டர்களைச் செறித்தாலும் அப்பரப்பின் வலுச்செலவு ஏறாது எனவும் காட்டினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவ்விதி தொழிலுக்குக் கைகொடுத்தது. 2005ஆம் ஆண்டளவில் அது முறிந்தது. மூடியிருக்கும் வாயிலினூடாகவே மின் கசியத் தொடங்கியமையால் அழுத்தத்தை மேலும் குறைத்தல் அரிதாயிற்று. அன்றுதொட்டு மின்சிக்கனம் தானே வந்து சேரும் பேறாக இல்லாமல், வடிவமைப்பாளர் வருந்தி உழைத்துப் பெறவேண்டிய பொருளாயிற்று.

திரையின் கதை வேறு. திரவப் பளிங்குத் திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னாலிருந்து ஒரு விளக்கு ஓயாது எரிகின்றது. முனைவாக்கி அவ்வொளியிற் பாதியைத் தடுக்கின்றது. நிற வடிகள் எஞ்சியதிற் பெரும்பங்கை விழுங்குகின்றன. இறுதியிற் கண்ணை வந்தடைவது புறப்பட்ட ஒளியிற் பத்திலொரு பங்குக்கும் குறைவானதே. இவ்விரயத்துக்கு ஒரு மாற்று 1987இல் வெளிப்பட்டது. கொடாக் கம்பனியின் ஆய்வாளரான சிங் டாங், ஸ்டீவன் வான் சிளைக் ஆகிய இருவரும் சேதனப் பொருளாலான ஒளிகாலும் இருவாயியை அவ்வாண்டில் அறிமுகஞ் செய்தனர். இவ்வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பாகத் தோன்றவேண்டிய புள்ளி அணைந்தே இருக்கும். அதற்கடுத்ததாகப் பேசப்படுவது நுண் ஒளிகாலும் இருவாயி. கண்ணுக்குப் புலனாகாத அசேதன இருவாயிகளை இலட்சக்கணக்கிற் பெயர்த்தெடுத்துத் திரையில் நடவேண்டியிருத்தலே இதன் பேரிடர். பௌதிக நோக்கிற் பார்த்தால், முதலீட்டாளர் இரு சாராரும் பாதி உண்மையையே கூறுகின்றனர். நூலொன்றை வாசிப்போனின் மின்கலத்தைத் திரையே பெரிதும் உண்ணுகின்றது. கடும் விளையாட்டில் ஈடுபடுவோனின் மின்கலத்தைச் சில்லு உண்ணுகின்றது. யாருடைய பயன்பாடு என்பதை விடுத்து விடை கூறவே இயலாது.

முதலீட்டாளரின் கணக்கு மூன்று வகையாற் பிழைபடுகின்றது. முதலாவதாக, மின்சிக்கனத்தைப் பெற்றெடுத்தது பெருமூலதனமே என்ற அவர்தம் நம்பிக்கை வரலாற்றுக்கு ஒவ்வாதது. இன்று உலகின் கையடக்கத் தொலைபேசிகள் ஏறக்குறைய அனைத்திலும் உள்ளது ஆர்ம் எனப்படும் சில்லு வடிவமைப்பு. அதன் முதற் சில்லு 1985 ஏப்ரல் 26ஆம் திகதி இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரில், ஏகோன் என்ற சிறிய கணனிக் கம்பனியில் இயங்கத் தொடங்கிற்று. அதனை ஆக்கிய சோபி வில்சன், ஸ்டீவ் பேபர் ஆகியோரிடம் ஆளணியும் இல்லை, பணமும் இல்லை. விலையுயர்ந்த பீங்கான் உறைக்குப் பதிலாக மலிவான பிளாஸ்ரிக் உறையிற் சில்லை இடவேண்டியிருந்தது. பிளாஸ்ரிக் உறை தாங்கும் வெப்பத்துக்கு அமையச் சில்லின் செலவை ஒரு வாற்றுக்குள் அடக்க முனைந்தனர். கிடைத்த சில்லோ அதிற் பத்திலொரு பங்களவே உண்டது. முதற் சோதனையின்போது அதற்கு மின்னிணைப்பே கொடுபடவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. சுற்றிலிருந்த ஏனைய பாகங்களிலிருந்து கசிந்த மின்னைக் கொண்டே அது இயங்கியிருந்தது. அதே ஆண்டில் ஏகோன் கம்பனி நிதி நெருக்கடியில் வீழ்ந்து ஒலிவெற்றி கம்பனியின் ஆளுகைக்குட் சென்றது. அன்று சந்தை அச்சில்லுக்கு மதிப்பளிக்கவில்லை. 2016இல் யப்பானின் சொப்ற்பாங்க் நிறுவனம் ஆர்ம் கம்பனியை ஏறத்தாழ 32 பில்லியன் டொலருக்கு வாங்கியபோது, வறுமையில் விளைந்த சிக்கனம் செல்வத்தின் சாதனையாக மறுபெயர் பெற்றது.

சந்தையின் கணிப்பு எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு இன்ரெல் கம்பனியே சான்று. அப்பிள் கம்பனி தனது தொலைபேசிக்குரிய சில்லைச் செய்துதருமாறு கேட்டபோது, கிடைக்கவிருந்த விலை உற்பத்திச் செலவுக்குக் கட்டுபடியாகாது எனக் கருதி இன்ரெல் மறுத்துவிட்டது. செலவு பற்றிய மதிப்பீடும் பிழை, விற்பனைத் தொகை பற்றிய மதிப்பீடும் பிழை என்பதை அதன் தலைவராயிருந்த போல் ஒட்டெலினி 2013இற் பதவி விலகும் வேளையில் ஒப்புக்கொண்டார். 2006இல் இன்ரெல், ஆர்ம் வழிவந்த தனது சில்லுப் பிரிவை 600 மில்லியன் டொலருக்கு மாவெல் கம்பனிக்கு விற்றது. 2016இல் தொலைபேசிச் சில்லு முயற்சியையே கைவிட்டது. உலகின் முதன்மைச் சில்லுக் கம்பனி, ஆயிரக்கணக்கான பொறியியலாளரை வைத்துக்கொண்டு, எதிரே நின்ற மாற்றத்தைக் காணத் தவறியமைக்குக் காரணம் அறிவின்மையன்று. காலாண்டு இலாபம் என்ற கண்ணாடியினூடாகப் பார்த்தமையே காரணம்.

திரை விடயத்திலும் இதுவே நிகழ்ந்தது. சேதன இருவாயியை உலகுக்கு அளித்த கொடாக், அவ்வணிகத்தை 2009இல் எல்.ஜி. குழுமத்துக்கு விற்றது; 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. நுண் இருவாயியின் வரலாறு இன்னும் அண்மையது. 2014இல் அப்பிள் கம்பனி லக்ஸ்வியு என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது முதல், நாளைய திரை இதுவே என்ற பேச்சுச் சந்தையில் வலுத்தது. ஒஸ்ரியாவைத் தலைமையகமாகக் கொண்ட ஏ.எம்.எஸ். ஒஸ்ராம் கம்பனி இதனை நம்பி மலேசியாவின் கூலிம் நகரிற் பெரும் ஆலையொன்றை எழுப்பிற்று. 2024 பெப்ரவரி மாத இறுதியில், தான் நம்பியிருந்த முதன்மைத் திட்டம் எதிர்பாராத வகையில் இரத்துச் செய்யப்பட்டதாக அக்கம்பனி அறிவித்தது. ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறத்தாழ நாற்பது வீதம் சரிந்தது. 600 முதல் 900 மில்லியன் யூரோ வரையிலான பெறுமதியைக் கணக்கிலிருந்து கழிக்க நேரிடும் எனவும் கூறப்பட்டது. முதல்நாள் வரை எதிர்காலமாகப் போற்றப்பட்ட தொழினுட்பம் மறுநாள் வீண்செலவாகக் கணிக்கப்பட்டது. இருவாயியின் பௌதிகத்தில் அந்த ஓரிரவில் எம்மாற்றமும் நிகழவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இரண்டாவதாக, மிச்சம்பிடித்த மின் எங்கே செல்கின்றது என்பதை முதலீட்டாளர் கேட்பதில்லை. 1865இல் ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ், நீராவிப் பொறிகள் சிக்கனமாகுந்தோறும் நிலக்கரிச் செலவு குறையாது பெருகுகின்றது எனச் சுட்டிக்காட்டினார். தொலைபேசியின் கதையும் அஃதே. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். இன்று ஆறங்குலத்துக்கு மேற்பட்ட திரையே வழமை. வினாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்பட்ட திரை நூற்றிருபது முறை புதுப்பிக்கப்படுகின்றது. அசையாத படத்தின்போது வினாடிக்கு ஒரு முறைவரை இவ்வேகத்தைத் தாழ்த்தவல்ல திரைகளும் உண்டு. அவையோ நீண்டகாலம் விலையுயர்ந்த வகைகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. சில்லின் சிக்கனம் முழுவதையும் பெரிய திரையும் மிக்க ஒளியும் உண்டுவிடுகின்றன. மின்கலம் பெருத்தும், சில்லு சிக்கனமாகியும், பெரும்பாலான தொலைபேசிகளை இன்றும் இரவுதோறும் மின்னேற்ற வேண்டியுள்ளது. சில்லில் நிகழ்ந்த முன்னேற்றத்தில் ஒரு சிறு பங்கேனும் பயனாளியின் மணிநேரமாக மாறவில்லையெனில், அதனைச் சிக்கனம் என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதியாகும்.

இதற்கு மாறான பாதை ஒன்று இருந்ததில்லையா? இருந்தது. 2003இல் வெளிவந்த நொக்கியா 1100 என்ற எளிய தொலைபேசி 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அதன் தலையில் ஒரு மின்சூள் விளக்கு இருந்தது. மின்வெளிச்சம் நம்பத்தக்கதாக இல்லாத ஊர்களை மனத்திற்கொண்டு அது வடிவமைக்கப்பட்டது. ஒரு முறை மின்னேற்றினால் நாட்கணக்கில் உழைக்கும். உலகின் மிகச் சிக்கனமான தொலைபேசிகளைச் செய்த அக்கம்பனியைச் சந்தை போற்றியதா? மின்சிக்கனமே முதலீட்டாளரின் உண்மையான அளவுகோலாயின் நொக்கியா வீழ்ந்திருக்கலாகாது. பெருந்திரைத் தொலைபேசியின் இலாபவீதமே சந்தையைக் கவர்ந்தது. சிக்கனம் அதற்குச் சூட்டப்பட்ட மாலை மட்டுமே.

மிச்சம் யாருக்கு என்ற இவ்வினா இந்நாட்டுக்குப் புதியதன்று. களனிப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த களனி கங்கையே அதற்குச் சாட்சி. அதன் மேற்கிளைகளான கெகல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் மறித்து மின்பிறப்பிக்கலாம் என்பதைப் பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். லக்சபானாவின் முதல் மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. அவ்வாறுகள் ஊற்றெடுக்கும் மலைச்சாரல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் மலையகத் தமிழர். அவர்தம் தேயிலைச் சரிவுகளின் மேலாகக் கம்பிகள் கொழும்புக்கு ஓடின. கீழே லயன் அறைகளில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. நீர்மின் நிலையத்தின் வினைத்திறனை அளந்த எந்தப் பொறியியற் கணக்கிலும் அவ்விருள் ஒரு குறையாகப் பதியப்படவில்லை. பிறப்பிக்கும் இடத்திற் சிக்கனம், பயன்படும் இடத்தில் இல்லாமை என்ற இம்முறைகேடு அணைக்கட்டிலிருந்து சில்லுக்கு இடம் மாறியிருக்கின்றதேயன்றி மறையவில்லை.

மூன்றாவதாக, கணிப்புப் பிழைக்கும்போது அதன் சுமையைத் தாங்குவோர் கணித்தவர் அல்லர். தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் நொக்கியா 2006இல் ஆலையொன்றைத் திறந்தது. சுற்றுவட்டார மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு வேலைக்கு வந்தனர். 2014 ஏப்ரலில் நொக்கியாவின் தொலைபேசி வணிகம் மைக்ரோசொப்ற் கம்பனிக்குக் கைமாறியபோது, வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்த அவ்வாலை உடன்படிக்கைக்கு வெளியே விடப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி அதன் உற்பத்தி நின்றது. தொலைபேசியின் எதிர்காலம் பற்றித் தொலைவிலிருந்த பங்குதாரர் செய்த முடிவையும் வரிப் பிணக்கையும் ஒருங்கே சுமந்தவர், அவ்விரண்டிலும் கருத்துக் கேட்கப்படாத அத்தொழிலாளரே. முதலீட்டாளன் ஒரு பங்கை விற்று வேறொன்றை வாங்கலாம். காஞ்சிபுரத்துக் கிராமமொன்றின் தொழிலாளி தன் கைத்திறனை அவ்வாறு மாற்றிக்கொள்ள முடியுமா?

ஸ்ரீபெரும்புதூருக்கு ஆலை வந்து போயிற்று. கட்டுநாயக்காவுக்கு வராமலே போயிற்று. இதனைக் கூறக் கூசுவோர் இந்நாட்டிற் பலர். 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இற் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டு, களனியிலிருந்து கூப்பிடு தொலைவு என்று கூறத்தக்க கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் உருவாயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில் மொட்டொரோலா, ஹரிஸ் என்ற இரு அமெரிக்கக் கம்பனிகள் இலங்கையிற் குறைகடத்தி ஆலைகளை அமைக்க முன்வந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன, தமிழருக்கு உரிய தொழிற்சாலைகள் சாம்பலாயின, உயிர்கள் பறிக்கப்பட்டன. அதன்பின் அவ்விரு கம்பனிகளும் திட்டத்தைக் கைவிட்டன. பொருளியலறிஞர் பிரேமச்சந்திர அத்துகோரள தமது ஆய்வுகளில் இவ்விழப்பைச் சுட்டியுள்ளார். வலயத்தில் எஞ்சியது ஆடைத் தைப்பே. தமிழனின் கடைக்கு வைத்த தீ சிங்கள இளைஞனின் தொழிலையும் எரித்தது என்பதை இரு மொழி மாணவரும் ஒருங்கே கற்கும் இவ்வளாகத்திற் கூறாவிடின் வேறு எங்குக் கூறுவது?

மூலதனம் இரத்தத்துக்கு அஞ்சுவதில்லை, பினாங்கைப் பாருங்கள் என்று ஒருவர் மறுக்கலாம். 1969 மே மாதத்தில் மலேசியாவிலும் இனக்கலவரம் மூண்டது உண்மையே. மூன்றே ஆண்டுகளில், 1972இல், பினாங்கின் பாயான் லெப்பாசில் வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. இன்ரெல் தனது முதற் கடல்கடந்த ஆலையை அங்கு நிறுவிற்று. ஆயின் அங்கு கலவரம் அடங்கியது. இங்கோ அது 2009 வரை நீண்ட போராயிற்று. பொருத்தும் வேலையோடு தொடங்கிய பினாங்கு, காலப்போக்கிற் சோதனைக்கும் வடிவமைப்புக்கும் உயர்ந்தது. தோட்டங்களிலிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவ்வாலைகளில் இடம்பெற்றனர். பொருத்தும் ஆலை சுவர்க்கம் என எவரும் கூறார். அதன் கூலியும் குறைவு, நேரமும் நீண்டது. எனினும் உற்பத்தியின் ஓரத்தில் ஒரு கால் வைக்காத நாடு, எவ்வாறான பொருள் செய்யப்படவேண்டும் என்பதில் வாய் திறக்க இயலாது. கொடுக்கப்பட்டதைக் கொடுக்கப்பட்ட விலைக்கு வாங்குவதே அதன் கதி.

இந்நாட்டவருக்கு ஆற்றல் இல்லை என்பதும் பொய். 1996இல் இலங்கையில் தொடங்கிய மிலேனியம் ஐ.ரி. என்ற மென்பொருட் கம்பனியை 2009இல் இலண்டன் பங்குச் சந்தை விலைகொடுத்து வாங்கியது. 2011 முதல் அச்சந்தையின் பங்குகள் கைமாறியது அக்கம்பனி ஆக்கிய பொறியின் மீதே. முதலீட்டாளர் தம் விவாதத்தின் முடிவைக் கொள்வனவாகவும் விற்பனவாகவும் பதியும் பொறியை ஆக்குதற்கு இத்தீவின் அறிவு போதியதாக இருந்தது. அவ்விவாதத்தின் அளவுகோலை மாற்றுதற்கு மட்டும் அது போதாது என்று யார் தீர்ப்பளித்தார்?

முதலீட்டாளரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அவர்தம் பணமின்றி இவ்வாலைகள் எழும்பா. அவர்தம் போட்டியினாலேயே தொலைபேசியின் விலை இறங்கி மீனவனின் கையையும் தோட்டத் தொழிலாளியின் கையையும் எட்டிற்று. இவற்றை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் பணம் இட்டவனே அளவுகோலையும் இடவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவன்று. மருந்துக்கும் உணவுக்கும் மின்குமிழுக்கும் சமூகம் தரம் விதிக்கின்றது, தொலைபேசிக்கு விதிக்கலாகாதா?

ஐரோப்பிய ஒன்றியம் அதனைச் செய்து காட்டியுள்ளது. 2025 ஜூன் 20ஆம் திகதி முதல் அங்கு சந்தைக்கு வரும் புதிய தொலைபேசி வகைகளுக்குச் சில நிபந்தனைகள் நடைமுறைக்கு வந்தன. எண்ணூறு முறை மின்னேற்றிய பின்னரும் மின்கலம் தன் கொள்திறனில் எண்பது வீதத்தையேனும் காத்தல் வேண்டும். விற்பனை நின்ற பின்னரும் ஏழாண்டுகளுக்கு உதிரிப்பாகங்கள் கிடைத்தல் வேண்டும். இயங்குதளத்தை ஐந்தாண்டுகளுக்கேனும் புதுப்பித்தல் வேண்டும். ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை மணிநேரம் உழைக்கும் என்பதைச் சுட்டியில் அச்சிடல் வேண்டும். எந்தப் பங்குச் சந்தையும் இதனை ஈன்றுதரவில்லை, சட்டமே ஈன்றது. பயனாளியின் மணிநேரத்தைக் கணக்கின் முதல் வரியாக்குதல் இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இலங்கை இதனைப் பின்பற்றத் தடையாது? இறக்குமதியாகும் தொலைபேசிக்கு அனுமதி வழங்கும் பொறுப்பு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் உள்ளது. மின்குமிழுக்கு வினைத்திறன் சுட்டி வழங்கிய அனுபவம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபையிடம் உள்ளது. இவ்விரு நிறுவனங்களும் இணைந்தால், மின்கலத்தின் ஆயுளையும் உதிரிப்பாகத்தின் கிடைப்பையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெட்டியின்மேல் அச்சிடவேண்டும் என விதிக்க முடியும். டொலரின்றித் தவித்த 2022ஆம் ஆண்டை அனுபவித்த நாட்டில், ஒரு தொலைபேசி மூன்றாண்டுக்குப் பதிலாக ஆறாண்டு உழைப்பது அந்நியச் செலாவணி பற்றிய பிரச்சினையும் ஆகும். சிறிய சந்தை இதனைக் கேட்டாற் கம்பனிகள் செவிசாய்க்குமா என்ற ஐயம் எழலாம். ஐரோப்பாவுக்கென ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும் தரவை இங்கும் அச்சிடுமாறு கேட்பது மிகையான கோரிக்கையன்று.

இக்கோரிக்கையை எழுப்பவேண்டியவர் யாவர்? பொறியியற் பீடத்தவர் மட்டும் என்று ஒதுங்குதல் கலைப்பீடத்தின் பழைய நோய். கொள்ளளவம், மீடிறன், ஒளிகாலும் இருவாயி என்ற சொற்கள் இந்நாட்டுப் பாடநூல்களிற் பல்லாண்டுகளாக உள்ளன. விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்க உழைத்தவர்கள் அவற்றைப் பரீட்சைத் தாளிற் புதைப்பதற்காக ஆக்கவில்லை. அச்சொற்களைக் கொண்டு, கடைக்காரனிடம் வினவவும், அமைச்சுக்கு மனுச் செய்யவும், பத்திரிகையில் வாதிடவும் தமிழ் மாணவன் பழகுதல் வேண்டும். பொருளியல் மாணவன் பங்கு விலையை மட்டும் கற்காது, பயனுக்குரிய காலத்தின் விலையையும் கற்றல் வேண்டும். சில்லா திரையா என்று முதலீட்டாளர் தமக்குள் வழக்காடட்டும். அதன் தீர்ப்பு, கொட்டாஞ்சேனை அறையில் மின்வெட்டின்போது வாசித்துக்கொண்டிருந்த மாணவிக்கு எத்தனை மணிநேரத்தைத் தருகின்றது என்பதைக் கேட்கும் உரிமை இந்நாட்டு மக்களுக்கு உண்டு. அவ்வுரிமையை வேறெவரும் அவர்கள் சார்பிற் கேட்கப்போவதில்லை.